காடைக்கு லைன் கிளியர்

காடைக் குஞ்சு சாது என்று எவராவது சொன்னால், அவர் காடைக் குஞ்சு வளர்த்ததில்லை என்று அர்த்தம். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். மஞ்சளும் பழுப்புமாக முதுகில் வரி ஓடும். உள்ளங்கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆனால் ஒன்றின் கால்விரலை இன்னொன்று கொத்திப் பிய்க்கிற வேகத்தைப் பார்த்தால் பெரிய ஆளுக்கே பயம் வரும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் குடியிருந்த காலத்தில் இந்தச் சனியன்களோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். அந்த மாதத்தில் போட்ட சத்தத்தை நான் வேறு எதற்கும் போட்டதில்லை.

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ரயில்வே விளக்கறையில் வேலை. சிக்னல் விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும், திரி வெட்ட வேண்டும், கரி பிடித்த கண்ணாடியைத் துடைக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் லைன் ஓரமாக நடந்து ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு வர வேண்டும். கல்யாணமாகி என் மனைவி ஊரிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த வருஷம் எங்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதற்குள்ளேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். வேலையில் குறை கிடையாது. சோறு பொங்கும், குழம்பு கொதிக்கும், வாசல் பெருக்கியிருக்கும். ஆனால் அவள் தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். நான் வேலை முடிந்து வந்து கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டே ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். "ம்" என்பாள். அந்த "ம்" கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவளுடைய அண்ணன் காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. லீவில் ஊருக்குப் போக இருந்தவர், தங்கையைப் பார்க்க வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயும் எங்கூட வாம்மா. அம்மாகிட்ட கொஞ்ச காலம் இருந்துட்டு வா," என்றார்.

"சரிண்ணே," என்றாள்.

ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. நான் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "கொஞ்ச காலம்" என்று போன பெண்கள் திரும்பி வராத வீடுகள் எங்கள் வரிசையிலேயே இருந்தன. அந்த வீட்டு ஆண்கள் தாங்களே சமைத்து, கருகியதைத் தாங்களே தின்றுகொண்டிருந்தார்கள். இவளும் போனால் வரமாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? பிள்ளையைப் பறிகொடுத்த இந்தக் கரிப்புகை வீட்டிலேயே இரு என்றா?

மச்சான் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்தார். "இந்த உடம்போட கப்பல் ஏறினா தாங்கமாட்டா மாப்பிள்ளை. அடுத்த மாசக் கப்பலுக்குள்ள கொஞ்சம் தேத்திவிடுங்க. காடை சூப் வச்சுக் குடுங்க. பிள்ளை பெத்த உடம்புக்கு அதுதான் மருந்து," என்றார்.

எப்படி இருக்கிறது பாருங்கள். நானே அவளுக்கு உடம்பைத் தேற்றி, நானே கப்பல் ஏற்றி அனுப்ப வேண்டும். சரி என்று தலையாட்டினேன். அந்த வாரமே அவள் பெட்டியை அடுக்கிவிட்டாள். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த பச்சைத் தகரப் பெட்டி, மூடியில் ரோஜாப்பூ வரைந்தது. அதை அறை வாசலை ஒட்டி வைத்தாள். கப்பலுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது அதற்குள் என்ன அவசரம் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் என் கால் பெருவிரல் இடிக்காத நாள் கிடையாது.

ஓய்வு நாளில் ரயில் ஏறிக் கிள்ளான் போனேன். அங்கே பாசார் என்கிற சந்தையில் ஒரு சீனர் கோழி, வாத்து, காடை எல்லாம் வைத்திருப்பார். மூங்கில் கூண்டில் பெரிய காடைகள் கொழுகொழுவென்று இருந்தன. பக்கத்தில் ஒரு கூடையில், நாட்டுக் கோழியை அடைவைத்துப் பொரித்த காடைக் குஞ்சுகள். நான் குஞ்சைப் பார்ப்பதைக் கண்டு, "சத்து பூலான், பெசார்," என்றார். ஒரு மாதம் போனால் பெரிதாகிவிடுமாம்.

பெரிய காடையை வாங்கியிருந்தால் அன்றைக்கே சட்டியில் போட்டிருக்கலாம். நான் குஞ்சுகளைத்தான் வாங்கினேன். பெரியது வாங்கினால் வாரத்திலேயே உடம்பு தேறிவிடும். குஞ்சு வாங்கினால் மாதமாகும். அதற்குள் ஏதாவது ஆகாதா என்ற நப்பாசைதான். கூடையைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கிள்ளானிலிருந்து வீடு வரைக்கும் அவை கத்திய கத்தில் ரயில் பெட்டியிலிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

வீட்டில் துண்டை விலக்கிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இதையா சூப் வைக்கிறது?"

"வளரணும்."

"எப்ப வளர்றது?"

"ஒரு மாசம் ஆகும்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "தாய் இல்லாத குஞ்சுங்க. சூடு வேணுமே இதுங்களுக்கு," என்றாள். பல வாரங்களில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அந்தச் சந்தோஷத்தில் சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டி செய்ய உட்கார்ந்துவிட்டேன்.

மண்ணெண்ணெய் டின்கள் வரும் பலகைப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஒரு தலையில் ஒரு டின்னைப் பொருத்தி, அதற்குள் விளக்கு வைத்தேன். விளக்கறையில் பிடி உடைந்ததென்று கழித்துப் போட்ட கைவிளக்கு. ரயில் கார்டுமார் ஆட்டிக் காட்டும் விளக்கு அது. குமிழைத் திருப்பினால் வெள்ளை, பச்சை, சிவப்பு என்று கண்ணாடி மாறும். வெள்ளையில் வைத்தேன். டின் சூடாகும், குஞ்சுகள் அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும், டின்னில் வெட்டிய சின்னச் சன்னல் வழியாக வெளிச்சம் வரும். மறுதலையில் கம்பி வலை. தரையில் சாக்கு விரித்தோம். தண்ணீர் வைத்த தட்டிலேயே ஒரு குஞ்சு மூழ்கிச் செத்தது. உடனே அவள் போய் லைன் ஓரத்துக் கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து தட்டில் பரப்பினாள். அதற்குப் பிறகு மூழ்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து புடவைகளைத் திரும்ப மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. குஞ்சு செத்தால் இவள் மனம் கப்பல் பக்கம் போகும். ஆகவே ஒரு குஞ்சும் சாகக் கூடாது.

இது குஞ்சுகளுக்குத் தெரியவேண்டுமே.

முதல் வாரம் ஒழுங்காக இருந்தன. பிறகு ஆரம்பித்தது கால்விரலில். ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று வந்து அதன் விரலை ஏதோ புழுவென்று நினைத்தாற்போல ஒரு கொத்துக் கொத்தும். ரத்தம் ஒரு துளி தெரிந்தால் போதும், எங்கிருந்தோ மற்றதெல்லாம் ஓடிவரும். விரலுக்கு அடுத்து வால். வாலுக்கு அடுத்து முதுகு. முளைக்கிற இறகை முளைக்க முளைக்கப் பிடுங்கித் தின்றன. நான் கத்துவேன். கத்தினால் ஒரு கணம் எல்லாம் அசையாமல் நிற்கும். நான் திரும்பியதும் மறுபடியும் கொத்தும்.

முதலில் புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசினேன். மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரிந்ததால், புண் இல்லாத குஞ்சும் வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. சாம்பல் பூசினேன். உதிர்ந்துவிட்டது. வேலைத்தலத்திலிருந்து கொஞ்சம் தார் கொண்டுவந்து தடவினேன். அந்த நாற்றத்துக்கு எதுவும் கிட்டே வராது என்று ஒரு ஆள் சொன்னார். அவர் சொன்னது பொய். அத்தனையும் வந்து தாரைக் கொத்தி, மூஞ்சியெல்லாம் கறுப்பாகி, பிறகு ஒன்றின் மூஞ்சியை ஒன்று கொத்தின. நான் தேங்காய் எண்ணெய் போட்டு ஒவ்வொரு மூஞ்சியாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. நான் இருந்த எரிச்சலில் அதைக்கூட ரசிக்க முடியவில்லை.

அடுத்த வீட்டில் கார்டு வேலை பார்ப்பவரின் மனைவி. வேதக்காரக் குடும்பம், எங்களைவிட மூத்தவர்கள். அந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு சண்டியர் இருப்பான் தம்பி. அவனைக் கண்டுபிடிச்சுப் பிரிச்சுப் போடுங்க. மத்ததெல்லாம் அடங்கிடும்லா," என்றார்.

நானும் வேலைக்குப் போகாத நேரமெல்லாம் கம்பி வலைக்கு முன்னால் குந்திச் சண்டியரைத் தேடினேன். கண்டும் பிடித்தேன். தலையில் அகலமான வரி உள்ள ஒன்று. அதைத் தனியாக ஒரு கூடைக்குள் கவிழ்த்தேன். மத்தியானத்துக்குள் வேறொன்று சண்டியர் ஆகிவிட்டது. அதையும் எடுத்தேன். மூன்றாவதாக ஒன்று கிளம்பியது. சரி, முதலாவது சண்டியருக்குப் புத்தி வந்திருக்கும் என்று அதைத் திரும்ப உள்ளே விட்டால், எல்லாம் சேர்ந்து அதைப் போட்டுக் கொத்தின. அது ஓடிவந்து என் கைக்குள்ளேயே பதுங்கியது. எவனுக்காக நான் நியாயம் பேசுவது?

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அவள். "நீங்க கை விடுற ஒவ்வொரு தடவையும் மிரண்டு போயி ஒண்ணையொண்ணு கொத்துது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் என்னைத் திட்டுகிறாள் என்பதும் உடனே உறைத்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

அவள்தான் இன்னொன்றையும் கவனித்தாள். ஒரு ஈ செத்து உள்ளே விழுந்தபோது அத்தனையும் அதற்கு அடித்துக்கொண்டன. "நொய்யும் கம்பும் பத்தலை இதுங்களுக்கு. கவுச்சி கேக்குது. அதான் ரத்தத்துக்கு அலையுது," என்றாள். மறுநாள் நான் வீட்டுக்கு வந்தபோது அவளைக் காணவில்லை. தகரப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. பின்பக்கம் போனால், வேலிக்கு அப்பால் உளுத்துப்போன தண்டவாளச் சிலிப்பர் கட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் அவளும் அடுத்த வீட்டு அக்காவும் கட்டையைப் புரட்டிப் புரட்டிக் கரையானை முறத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தை போனதற்குப் பிறகு அவள் வாசற்படி தாண்டியது அன்றுதான். முந்தானையை இடுப்பில் செருகி, கையெல்லாம் மண்ணாக நின்றாள். நான் சிக்னல் ஏணியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

கரையான் போட்டதில் கொத்துவது பாதியாகக் குறைந்தது. பாதிதான். மிச்சப் பாதி என் உயிரை வாங்கியது. முதுகு முழுக்க இறகு போய்ச் சிவந்த தோலோடு ஒரு குஞ்சு இருந்தது. அந்தச் சிவப்பைக் கண்டாலே மற்றவற்றுக்குப் பொறுக்காது. அதைத்தான் அவள் அடிக்கடி மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். அது செத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சிவப்பைக் கண்டுதானே இவ்வளவும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, விளக்கறை ஆளுக்குத் தோன்றவேண்டியது தோன்றியது. எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட்டால்?

கைவிளக்கின் குமிழைத் திருப்பிச் சிவப்புக் கண்ணாடிக்கு மாற்றினேன். பெட்டிக்குள் சாக்கு சிவப்பு, நொய் சிவப்பு, குஞ்சு சிவப்பு. புண் எது, தோல் எது என்று எனக்கே தெரியவில்லை. அவை இங்கும் அங்கும் நடந்தன. மொட்டை முதுகுக் குஞ்சின் மேலேயே ஏறி நடந்தன. ஒன்றும் கொத்தவில்லை. எல்லாம் டின்னை ஒட்டிக் குவியலாகப் படுத்துவிட்டன. நான் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட," என்றாள். அந்த ஒரு "அட"வுக்காக நான் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம். அடுப்புப் புகை குஞ்சுகளுக்கு ஆகாது என்று அவள் குஞ்சுப் பெட்டியைப் பின்வாசலுக்கு நகர்த்தியிருந்தாள். நாங்கள் உள்ளே இருந்தோம். வெளியே ஒரு எஞ்சின் நின்று ஊதத் தொடங்கியது. சைடிங் என்கிற பக்கத் தண்டவாளத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி எங்கள் பின்வேலியை ஒட்டித்தான் போகும், ஆனால் அங்கே நிற்காது. அது நின்று ஊதிக்கொண்டே இருந்தது. குஞ்சுகளெல்லாம் மிரண்டு கத்தின. எனக்கு வந்த ஆத்திரத்தில் வேலிவரைக்கும் போனேன்.

"என்னாண்ணே, இங்க நின்னுக்கிட்டு ஊதுறீங்க? காது போவுது."

டிரைவர் எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தார். "செவப்பு போட்டிருக்கீங்க. நிக்காம என்னா செய்யிறது?"

"யாரு செவப்பு போட்டது? எங்க?"

டிரைவர் கையை நீட்டினார். என் வீட்டுப் பின்வாசலைக் காட்டினார். கம்பி வலை லைனைப் பார்த்திருந்தது. அதன் வழியாக என் கைவிளக்கு, நான் அன்றாடம் துடைக்கிற துடைப்பில் மின்னிக்கொண்டு, நேராக எஞ்சின் முகத்தில் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தது. ரயில்காரனுக்குச் சிவப்பு எங்கே எரிந்தாலும் சிவப்புதான். அது யார் வீட்டு அடுப்படி என்று பார்த்துவிட்டுப் போக அவனுக்கு அனுமதி கிடையாது. பயர்மேன் இறங்கி வந்து குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "அண்ணே, காடைக்குஞ்சு," என்று எஞ்சினைப் பார்த்துச் சொன்னார். நான் துண்டை எடுத்து வலையின்மேல் போட்டேன். வண்டி கிளம்பிப் போனது.

மறுநாள் காலை விளக்கறை போர்மேன் என்னை வரச் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கழித்துப் போட்டதாக இருந்தாலும் ரயில்வே விளக்கு வீட்டில் எரியக் கூடாது என்று சொல்லி, அன்றைக்கே அதைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டார். அதோடு போயிற்றா? அன்று முதல் நான் ஏணியோடு லைனில் நடந்தால், போகிற எஞ்சினிலிருந்தெல்லாம், "என்னாப்பா, காடைக்கு லைன் கிளியரா?" என்று கேட்டார்கள். வண்டி போக வழி விட்டாயிற்றா என்பதற்கு ரயில்காரர் பேச்சு அது. பத்துமலைக்குக் காவடி எடுக்கிற ஆள்கூட அவ்வளவு பேர் பார்க்க நடந்திருக்கமாட்டான். சிரித்துக்கொண்டே போனேன். உள்ளுக்குள் வெந்தேன்.

வீட்டில் சாதா அரிக்கன் விளக்கை வைத்தோம். வெள்ளை வெளிச்சம் வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்கிற மாதிரி எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. இப்போது குஞ்சுகள் சின்னவை அல்ல. சிறகு முளைத்து எம்பிக் குதித்தன, மூடியில் தலையை முட்டின, பெட்டிக்குள் நெருக்கி மிதித்துக்கொண்டு கொத்தின. கப்பல் நாளும் நெருங்கிவிட்டது. மறுநாள் கப்பல் என்றிருந்த காலையில் வலைக்குள் பார்த்தேன். மொட்டை முதுகுக் குஞ்சு மூலையில் தலையைப் புதைத்துக் கிடந்தது. இரண்டு அதன்மேல் ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தன. என் பொறுமை அத்தோடு போய்விட்டது.

"எல்லாத்தையும் இன்னைக்கே சூப் வச்சிடு. சனியன் விட்டது. எப்படியும் நீ நாளைக்குப் போகத்தான் போறே," என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன வாய் மூடுமுன்பே தெரிந்தது. அவள் குனிந்து அந்தக் குஞ்சை எடுத்தாள்.

"அதுங்க மேல என்ன தப்பு? வளர்ந்துடுச்சுங்க. இந்தப் பெட்டி பத்தலை. நெருக்கமா கெடந்தா யாருக்குத்தான் கோவம் வராது?"

"பெட்டிக்கு நான் எங்க போறது? இன்னைக்குப் பார்த்து எந்தக் கடையில போயி நிக்கிறது?"

அவள் குஞ்சை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அன்று நான் வெட்டிய திரியெல்லாம் கோணல். மத்தியானம் மச்சான் ரயிலில் வந்து இறங்கினார். அவரை ஸ்டேஷனிலிருந்து நானே அழைத்துவந்தேன். வழியெல்லாம் அவர் கப்பலைப் பற்றியும் ஊர் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். நான் "ம்" சொல்லிக்கொண்டு நடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு ரிக்‌ஷாக்காரரை நிறுத்தி வைத்துவிட்டு, "பெட்டியத் தூக்கி வெளிய வச்சிடலாம் மாப்பிள்ளை. சாப்பிட்டதும் கிளம்பிடலாம். ராத்திரி கிள்ளான்ல தங்கிக்கலாம்," என்றார்.

நான் உள்ளே போனேன். வழக்கமாக அறை வாசலில் இடிக்கிற கால் அன்றைக்கு இடிக்கவில்லை. பெட்டி அந்த இடத்தில் இல்லை. அவளே எடுத்து வெளியே வைத்துவிட்டாள் போலிருக்கிறது, அவ்வளவு அவசரம் என்று நினைத்தேன்.

"பெட்டி எங்கம்மா?" என்று அண்ணன் குரல் கொடுத்தார்.

பின்கட்டிலிருந்து அவள் குரல் வந்தது. "பெட்டியில குஞ்சு இருக்குண்ணே."

இரண்டு பேரும் பின்பக்கம் போனோம். ரோஜாப்பூ மூடி திறந்து சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே சாக்கு விரித்து, ஓரத்தில் கூழாங்கல் போட்ட தட்டு வைத்து, அரிக்கன் விளக்கைத் தள்ளி வைத்து, பாதிக் குஞ்சுகளை அதில் விட்டிருந்தாள். அவை விசாலமாக நடந்துகொண்டிருந்தன. ஒன்றும் இன்னொன்றைக் கொத்தவில்லை. அதற்குள் பெட்டியின் அடியெல்லாம் எச்சமாகியிருந்தது. அவளுடைய புடவைகள் அறைக்குள் பாய்மேல் அடுக்காகக் கிடந்தன. கூறைப்புடவையும் அதில் இருந்தது.

"கப்பல் நாளைக்கும்மா," என்றார் அண்ணன்.

"தெரியும்ண்ணே. இதுங்களுக்கு இன்னும் மாரு இறகு முழுசா வரலை. விட்டுட்டு எப்படி வர்றது? இவருக்கு விளக்கு வைக்கத்தான் தெரியும், குஞ்சு பாக்கத் தெரியாது. ரயில நிறுத்திப்புடுவாரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"துணிய மூட்டையாக் கட்டிக்கிட்டு வரலாம்ல?"

"அடுத்த கப்பல்ல பாக்கலாண்ணே. கை கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்."

அவர் சாப்பிட்டார், தங்கை தலையில் கை வைத்துவிட்டு ரிக்‌ஷா ஏறினார். அவளும் அன்றைக்குச் சாப்பிட்டாள். தட்டில் போட்டது முழுவதையும் சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தட்டுச் சோறு அப்படியே இருந்தது.

கையைக் கழுவிக்கொண்டே, "கிள்ளான் பாசார்ல அந்தச் சீனர்கிட்ட பெரிய காடையும் இருக்குமாமே. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க," என்றாள்.

"இருந்துச்சு," என்றேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பின்கட்டில் பழைய பெட்டியில் ஏதோ இரண்டு சண்டை பிடித்துக் கத்தின. நான் எழுந்து போய்ப் பிரித்துவிட்டேன்.

காடைகள் வளர்ந்தன, முட்டையிட்டன. காடை சூப் எங்கள் வீட்டில் வைக்கவே இல்லை. பச்சைப் பெட்டியை அவள் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், வெயிலில் கவிழ்த்து வைத்தாள். நாற்றம் போகவில்லை. துணி வைக்க முடியாத அந்தப் பெட்டி அறை வாசலில் பழைய இடத்துக்கே வந்தது, என் கால் பெருவிரலும் பழையபடி இடித்துக்கொண்டது. வருஷங்கள் போயின, கப்பல்களும் போயின. நான் அவளுக்கு வேறு பெட்டி வாங்கித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.